எதிர்ப் புரி

சென்னை,
20-1-1974

அன்புள்ள அத்தானுக்கு,

கனகாம்பாள் எழுதுவது. நலம். நீங்களும் புதுவாயலில் நலமாக இருப்பீர்கள் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் இதைப் படித்து முடிக்கும்போது அப்படி இருக்கமாட்டீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் கல்யாணம் வேண்டாம்.

கிழித்துப் போட்டுவிடாமல் மேலே படியுங்கள். உங்களைப் பிடிக்காமல் இல்லை, பிடிக்கும். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும், பட்டணத்தில் படிக்கிறவளுக்கு ரோலிங் மில்லில் வேலை செய்கிறவன் கசந்துவிட்டான் என்று நீங்கள் நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

காரணம் பூவம்மா அக்காவின் கைக்குழந்தை. மூத்தவள் செல்விக்குப் பிறவியிலேயே காது கேட்காது, அதனால் பேச்சும் வரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இளையவனாவது நன்றாக இருக்கிறான் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். மாட்டுப் பொங்கலன்று அம்மாவின் கையிலிருந்து பித்தளை அண்டா நழுவிக் கீழே விழுந்தது. வாசலில் படுத்திருந்த நாய்கூட அலறிக்கொண்டு ஓடியது. குழந்தை மட்டும் பால் குடித்துக்கொண்டே இருந்தான். அக்கா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன்.

அக்கா கட்டிக்கொண்டது யாரை? அம்மாவின் கூடப்பிறந்த தம்பியை, நம் வீரராகவன் மாமாவை. நான் கட்டிக்கொள்ளப் போவது யாரை? அம்மாவின் அண்ணன் ராஜவேலு மாமாவின் மகனாகிய உங்களை. எல்லாம் ஒரே வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது.

இந்த வருஷம் எங்களுக்கு டி.என்.ஏ. பாடம் நடக்கிறது. நம் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் இரண்டு புரி போட்ட கயிறு மாதிரி ஒன்று முறுக்கிக்கொண்டு கிடக்கிறது. கண்ணின் நிறமும் காதின் கேட்கும் திறனும் அதில்தான் எழுதியிருக்கிறது. எழுத்து மொத்தமே நான்குதான்: அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின். ஒரு புரியில் அடினைன் இருந்தால் எதிர்ப் புரியில் தைமின்தான் வந்து சேரும். குவானைனுக்கு எதிரே சைட்டோசின்தான். மாற்றி உட்காராது. கயிறு இரண்டாக வேண்டும்போது முறுக்கு அவிழ்ந்து புரிகள் பிரியும். பிரிந்த ஒவ்வொன்றும் தனக்கு எதிர்ப் புரியைப் புதிதாகச் சேர்த்துக்கொள்ளும். கடைசியில் கயிறு இரண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு புரி பழசு, ஒரு புரி புதுசு. இதை முதல்முதலாகப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, அத்தான். உலகத்தில் இவ்வளவு அழகான வேலை நடந்துகொண்டிருக்கிறதே, நமக்குத் தெரியவில்லையே என்று இருந்தது.

இப்போது அதே பாடம் பயமாக இருக்கிறது. எங்கேயாவது ஓர் எழுத்து தவறிப்போனால், அந்தத் தவறையும் அதே ஒழுங்கோடு நகல் எடுக்கும். தாயிடமிருந்து பிள்ளைக்கு, பிள்ளையிடமிருந்து பேரனுக்கு என்று போய்க்கொண்டே இருக்கும். எனக்குள்ளும் அது இருக்கலாம், உங்களுக்குள்ளும் இருக்கலாம்.

தாம்பூலம் மாற்றியாகிவிட்டது என்பீர்கள். தெரியும். பழி என் மேலேயே இருக்கட்டும்.

கனகா


புதுவாயல்,
27-1-1974

அன்புள்ள கனகாவுக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. முதல் நாள் கோபம், இரண்டாம் நாள் மெஸ்காரரோடு சண்டை. சாம்பாரில் உப்பு இல்லை என்று கத்தினேன். உப்பு சரியாகத்தான் இருந்தது, பாவம். இன்றைக்கு ஞாயிறு, கொஞ்சம் தெளிந்திருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்கிற பெண்கள் எத்தனையோ காரணம் சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறேன். குடிக்கிறான், கறுப்பாக இருக்கிறான், மாமியார் பொல்லாதவள். கயிற்றைக் காரணம் சொன்னவள் நீ ஒருத்திதான். காலேஜில் சேர்த்துவிட்ட உன் அப்பாவைச் சொல்ல வேண்டும்.

எனக்கும் கயிறு தெரியும், கனகா. நானும் மீனவக் குப்பத்தில் பிறந்தவன். இந்த மில்லுக்கு வருமுன் நைனாவோடு ஏரியில் வலை போட இறங்கினவன்தான். உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். நீ சொன்னதையே உனக்குத் திருப்பிச் சொல்கிறேன். ஒரு புரியில் என்ன இருக்கிறதோ அதற்கு ஏற்றதுதான் எதிர்ப் புரியில் வந்து சேரும் என்கிறாய். அப்படியானால் ஒரு புரி கெட்டுப்போனாலும் இன்னொன்றை வைத்துச் சரிபண்ணிக்கொள்ளலாம் அல்லவா? நான் கெட்ட புரியாகவே இருந்துவிட்டுப் போகிறேன். நீ நல்ல புரி. உன்னை வைத்து என்னைச் சரிபண்ணிவிடு. இதற்குப் போய்க் கல்யாணத்தை நிறுத்துவார்களா?

இன்னொன்றும் சொல்கிறேன். பழுக்கக் காய்ச்சிய கம்பி உருளைக்குள் போகும்போது எழும் சத்தத்தில் எங்கள் ஷிப்டில் ஒருவருக்கும் காது கிடையாது. எல்லாம் கையால்தான். நிறுத்து, விடு, சூடு போதாது, டீ வந்தாச்சு, சூப்பர்வைசர் வருகிறான், எல்லாவற்றுக்கும் கைதான். ஏரியிலும் ஓடத்துக்கு ஓடம் கையைக் காட்டித்தானே பேசுகிறோம்? காது கேட்காத பிள்ளை பிறந்தால் நான் அதோடு பேசமாட்டேனா? பொங்கலன்று செல்வியும் நானும் உன் மூக்கைப் பற்றி ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம். உனக்குத்தான் புரியவில்லை.

பழி என் மேலேயே இருக்கட்டும் என்று எழுதிவிட்டாய். பழியை நீ எடுத்துக்கொண்டால் எனக்கு என்ன மிச்சம்? பதில் போடு. போடாவிட்டால் ஹாஸ்டல் வாசலில் வந்து நிற்பேன்.

லோகநாதன்


சென்னை,
5-2-1974

அன்புள்ள அத்தானுக்கு,

வந்து நிற்க வேண்டாம். வாட்ச்மேன் பொல்லாதவர்.

சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. மூக்கு விஷயத்தைத் தனியாகக் கவனித்துக்கொள்கிறேன்.

நீங்கள் இரண்டு சங்கதியைப் போட்டுக் குழப்பிக்கொண்டீர்கள். தப்பு உங்கள் மேல் இல்லை, நான்தான் பாதியில் விட்டுவிட்டேன். ஒரு கயிற்றின் இரண்டு புரி வேறு, நமக்குள் இருக்கும் இரண்டு கயிறு வேறு. நான் ஒரு புரி, நீங்கள் ஒரு புரி என்பது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அப்படி இல்லை. ஒவ்வொருவருக்குள்ளும் ஒவ்வொரு சங்கதிக்கும் இரண்டு முழுக் கயிறு இருக்கிறது. ஒன்று தாய் கொடுத்தது, ஒன்று தகப்பன் கொடுத்தது. அதில் ஒன்றில் தவறு இருந்தாலும் மற்றது காப்பாற்றிவிடும். ஆளைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, காதும் நன்றாகவே கேட்கும். பூவம்மா அக்காவும் சின்ன மாமாவும் அப்படித்தான். இரண்டு பேரும் அந்தத் தவறிய கயிற்றையே கொடுத்தால்தான் பிள்ளைக்குக் காது போகும். தவறு உள்ள இரண்டு பேர் கட்டிக்கொண்டால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு அப்படி நேரலாம். அக்காவுக்கு இரண்டு முறையும் அதுவே நேர்ந்துவிட்டது.

வேற்று மனிதர்கள் இரண்டு பேருக்கு ஒரே இடத்தில் ஒரே தவறு இருப்பது அபூர்வம். ஒரே வீட்டில் பிறந்தவர்களுக்குத்தான் அது சுலபம். தாத்தாவிடமோ ஆயாவிடமோ இருந்த ஒன்று அம்மாவுக்கும் சின்ன மாமாவுக்கும் வந்திருக்கிறது. அதே வயிற்றில் பிறந்த உங்கள் நைனாவுக்கும் வந்திருக்கலாம், அவரிடமிருந்து உங்களுக்கும். நான் சொல்வது இவ்வளவுதான்.

எங்கள் ஆசிரியை விக்டோரியா மிஸ்ஸிடம், யார் என்று சொல்லாமல் கேட்டேன். "குடும்பத்தில் யாருக்கு யார் பிறந்தார்கள் என்று கோடு போட்டு எழுதிக்கொண்டு வா, பார்க்கலாம்" என்றார்கள். என் பக்கம் எழுதிவிட்டேன். உங்கள் பக்கம் நீங்கள் கேட்டு எழுத வேண்டும். தாத்தா ஆயாவிலிருந்து தொடங்குங்கள். இறந்துபோன குழந்தைகளையும் விடாமல் எழுதுங்கள்.

இதனால் என் முடிவு மாறும் என்று நினைக்காதீர்கள். தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

கனகா


புதுவாயல்,
12-2-1974

கனகாவுக்கு,

மாறாது என்றால் எதற்குக் கோடு? ஆனாலும் எழுதுகிறேன். இந்த மாதம் ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்டு போட்டுவிட்டார்கள், ஒரே பேஜாராக இருக்கிறது. அடுத்த மாதம் லீவு கிடைத்ததும் குப்பத்துக்குப் போய்க் கேட்கிறேன்.

இரண்டு கயிறு சங்கதி புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம். நேற்று வேலைக்கு நடுவில் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன், இதற்குள் என்ன எழுதியிருக்கிறதோ என்று. பக்கத்தில் இருந்தவன் என்னை இழுத்திராவிட்டால் கம்பி காலில் பாய்ந்திருக்கும். நீ நிம்மதியாகப் பரீட்சைக்குப் படி.

லோகநாதன்


சென்னை,
2-3-1974

அன்புள்ள அத்தானுக்கு,

காலை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்வதாக முதலில் சத்தியம் செய்யுங்கள். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வாரம் பூவம்மா அக்கா செல்வியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். இங்கே காது கேட்காத பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. சேர்த்துவிடலாம் என்று நான்தான் வரச்சொன்னேன். வகுப்பில் டீச்சர் பிள்ளைகளின் கையைக் கட்டிவைத்து, உதட்டைப் பார்த்துப் பேசப் பழக்குகிறார்கள். மணியடித்து வெளியே விட்டதுதான் தாமதம், அத்தனை கையும் அவிழ்ந்துகொண்டன. அப்படி ஒரு அரட்டையை நான் எங்கள் ஹாஸ்டலில்கூடப் பார்த்ததில்லை. செல்வி கொஞ்ச நேரம் அக்காவின் புடவைக்குள் ஒளிந்துகொண்டிருந்தாள். பிறகு ஒரு பெண்ணிடம் போய், ஏரியில் வலை இழுக்கும்போது காட்டுவோமே, 'இங்கே வா, மீன் இருக்கு' என்று, அதைக் காட்டினாள். அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, இவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

நானும் அக்காவும் அங்கேயே ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். நான் கல்யாணத்தை வேண்டாம் என்ற சங்கதி அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. கோபிப்பாள் என்று நினைத்தேன். விளையாடுகிற செல்வியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"ஏன் கனகா, நீ வாணாம் வாணாங்கிற புள்ள இவதானே?"

பாடத்தில் இருக்கும் அத்தனையும் தெரிந்த நான், கீழே கிடந்த சருகைக் கிள்ளிக்கொண்டிருந்தேன், அத்தான். அக்காவே சொன்னாள். "இவ இப்பிடித்தான் பொறப்பான்னு மின்னாடியே தெரிஞ்சிருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேனோ, தெரியாது. ஆனா தெரியாம இருந்ததுக்கு நெதம் சாமிய கும்புட்டுக்கினு கீறேன். இவ இல்லாத ஊடு எனக்கு வாணாம்."

அப்புறம் நான் அழுதேன். நன்றாக அழுதேன். செல்வி ஓடிவந்து, என் மூக்கைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தாள். நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதானே அது?

நான் படித்தது பொய் இல்லை. பயம் போய்விட்டது என்றும் சொல்லமாட்டேன். ஆனால் இவ்வளவு நாளும் நான் ஒரு தவறைத்தான் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருப்பதாக நினைத்தேன். அந்தத் தவறுக்கு ஒரு முகமும் பாவாடையும் ரெட்டைப் பின்னலும் இருப்பது எனக்கு உறைக்கவே இல்லை. நாலில் ஒன்று அப்படி வந்தால் வரட்டும். நீங்கள் கையால் பேசுவீர்கள், நான் இப்போதே கற்றுக்கொள்ளத் தொடங்கிவிட்டேன்.

கல்யாணம் நிச்சயித்தபடி வைகாசியிலேயே இருக்கட்டும். உங்களுக்கு இன்னும் இஷ்டம் இருந்தால்.

கனகா


குப்பம், பழவேற்காடு,
3-3-1974

அன்புள்ள கனகாவுக்கு,

இன்றைக்குத்தான் லீவு கிடைத்தது. ஊருக்கு வந்த இடத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். நாளை வரை என்னால் பொறுக்க முடியாது.

காலையில் அம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, நீ சொன்ன மாதிரி மேலே தாத்தா, ஆயா, அவர்களுக்குக் கீழே மூன்று கோடு போட்டேன். முதல் கோடு நைனா, இரண்டாவது உன் அம்மா, மூன்றாவது சித்தப்பா, உன் சின்ன மாமா. அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாத்துக்குடா மூணு கோடு?"

"ஆயா பெத்தது மூணு பேருதானேம்மா."

"ஆருடா சொன்னது? ஆயா பெத்தது ரெண்டுதான். ஒங்க நைனா அந்த ஊட்ல வளந்தவரு, பொறந்தவரு இல்ல."

அம்மா இறாலை உரித்துக்கொண்டே, ஏதோ மழை வரும் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். தாத்தாவோடு ஒரே ஓடத்தில் தொழில் பார்த்த ஒருவருடைய பிள்ளையாம் நைனா. அவர் புயலில் போய்விட்டார். பெற்றவள் காலராவில் போய்விட்டாள். பால் மணம் மாறாத குழந்தையை ஆயா தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். உன் அம்மாவும் சித்தப்பாவும் அதற்கப்புறம் பிறந்தவர்கள்.

"ஏம்மா இத எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"சொல்றதுக்கு இன்னா கீது? நீ கேட்டியா? ஊர்ல பெருசுங்க எல்லாருக்கும் தெரியும். அண்ணன்னா அண்ணன்தான், இதுல பொறந்ததென்ன, வளந்ததென்ன?"

அவ்வளவுதான், கனகா. யாரும் மறைக்கவில்லை. நாம் கேட்கவில்லை. அண்ணன், மாமா, அத்தான் என்று கூப்பிட்டே வளர்ந்துவிட்டோம். கோடு போட்டுப் பார்த்தால் நீயும் நானும் வேற்று மனிதர்கள். அபூர்வம் என்று நீ எழுதினாயே, அந்தக் கணக்கில்தான் நாம் வருகிறோம். எழுந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது, குதிக்கவும் செய்தேன். அம்மா இறால் ஓட்டை என் மேல் எறிந்தாள்.

ஆனால் நைனா பின்னால் நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். என் கையிலிருந்த காகிதத்தை வாங்கிப் பார்த்தார். நான் அவருடைய கோட்டை அடித்துவிட்டிருந்தேன். "மூணுன்னே எழுதுடா" என்றார். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏரிப் பக்கம் போய்விட்டார். சோற்றுக்கும் வரவில்லை. நான் பின்னாலேயே போய்க் கூப்பிட்டுப் பார்த்தேன், திரும்பவில்லை.

சந்தோஷமும் சங்கடமும் ஒன்றாக வந்து நிற்கின்றன. நீ என்ன சொல்கிறாய்?

லோகநாதன்


புதுவாயல்,
6-3-1974

என் கனகாவுக்கு,

உன் கடிதம் இன்றைக்குக் கிடைத்தது. தேதியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நான் எழுதியதற்கு முதல் நாள் எழுதியிருக்கிறாய். நைனா யார் பிள்ளை என்று தெரியாமலே, நாலில் ஒன்று வந்தாலும் வரட்டும் என்று எழுதியிருக்கிறாய். என் கடிதத்தைப் படித்த பிறகு நீ சம்மதித்திருந்தால், அதற்கான நன்றியை நான் காலமெல்லாம் அம்மாவின் இறாலுக்குத்தான் சொல்லவேண்டும். இப்போது உனக்கே சொல்கிறேன். இந்தக் கடிதத்தை நான் யாருக்கும் காட்டமாட்டேன்.

மெஸ்காரருக்கு இன்றைக்கு நான் டீ வாங்கிக் கொடுத்தேன். என்ன விசேஷம் என்றார். சாம்பார் நன்றாக இருந்தது என்றேன்.

நைனா இன்னும் என்னோடு பேசவில்லை. அது ஒன்றுதான் குறை.

லோகநாதன்


சென்னை,
12-3-1974

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் இரண்டு கடிதமும் வந்தன. பதில் எழுத உட்காருவதற்குள் உங்கள் நைனா, பெரிய மாமாவே வந்துவிட்டார். நேற்றுக் காலையில் வாட்ச்மேன் கூப்பிட்டுவிட்டார். போய்ப் பார்த்தால், கருவாட்டுக் கூடையும் கையுமாக மாமா. முதல் பஸ்ஸில் பொன்னேரி வந்து, அங்கிருந்து ரயில் பிடித்து வந்திருக்கிறார். கருவாடு உள்ளே வரக்கூடாது என்று வாட்ச்மேன் தகராறு செய்துகொண்டிருந்தார். கூடையை வெளியிலேயே வைத்துவிட்டு, பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"அந்தக் கயித்துக் கதைய எனக்கும் சொல்லு" என்றார்.

சொன்னேன். புரி பிரிவதையும், எதிர்ப் புரி வந்து சேர்வதையும், தாய்க் கயிறு தகப்பன் கயிறு எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப எங்கம்மா எனக்கு அதுல ஒண்ணுமே குடுக்கலியா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "அதுல இல்ல, மாமா" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு வலது கையை நீட்டி, மணிக்கட்டுக்கு மேலே இருந்த ஒரு வெள்ளைத் தழும்பைக் காட்டினார்.

"இது இன்னா தெரியுமா? ஒனக்குக் காது குத்தசொல்லோ நீ கடிச்சது. தட்டான் கம்பிய எடுத்தாரு, நீ லபக்குனு புடிச்சிக்கினே. மாமன் மடியிலதான் ஒக்காத்தணும்னு என் மடியில ஒக்காத்தினாங்க. ஒங்க சின்ன மாமன் பக்கத்துலயேதான் நின்னுக்கினு இருந்தான். பெரியவன் மடிதான் மொறைன்னு எங்கம்மா சொல்லிச்சு. நான் மாமன் இல்லன்னா, அது ஆரு மடி?"

அந்தத் தழும்பின் மேல் கையை வைத்துக்கொண்டு, "மாமன் மடிதான், மாமா. வேற யாரு மடி?" என்றேன். ரயிலைப் பிடித்து இவ்வளவு தூரம் அதைக் கேட்கத்தான் வந்தார் போலிருக்கிறது. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை, இங்கே நாஷ்டா எங்கே கிடைக்கும் என்றார்.

ஓட்டலில் இரண்டாவது தோசை வந்தபோது பழைய மாமாவாகிவிட்டார். எனக்கு அண்ணன் தம்பி இல்லையே, நமக்குப் பிறக்கும் பிள்ளைக்கு யார் மடியில் வைத்துக் காது குத்துவது என்று அவரே கவலைப்பட ஆரம்பித்துவிட்டார். குப்பத்தில் முறைக்கு அண்ணனாக வருகிற ஒவ்வொருவரையும் பேர் சொல்லி எடைபோட்டார். நான் சிரித்துக்கொண்டே, "அதுக்குக் காது கேக்குமோ கேக்காதோன்னு நான் பயந்துக்கினு இருந்தேன். நீ குத்தறதுக்கு ஆள் தேடிக்கினு இருக்கியே, மாமா" என்றேன்.

தோசையைப் பிய்த்தபடியே சொன்னார்: "கேக்குற காதா இருந்தா இன்னா, கேக்காத காதா இருந்தா இன்னா? ரெண்டையும் குத்தத்தானே போறோம். ஒரு மடி வோணும், அவ்ளோதான்."

வைகாசிக்கு இப்போதே லீவு சொல்லிவையுங்கள்.

கனகா